சம்பந்தி திறந்துவிடுற தண்ணி

என்ன சார், பஸ் ஜன்னல்ல கழுத்த அப்படி நீட்டி நீட்டிப் பாக்கீங்க? ஆறுதான் அது. வாழையாறு. பாலம்னு ஒண்ணு இருந்தா கீழ ஆறு இருக்கத்தான செய்யும். தண்ணியத் தேடுதீங்கன்னா, அது இப்ப வராது. சாயங்காலம் வரும். மெட்ராஸ்லயோ பெங்களூர்லயோ ஒருத்தன் ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போயி, சட்டையக் கழத்தி ஆணியில மாட்டிட்டு, ஏசி சுவிட்சத் தட்டுவாம் பாருங்க, அப்ப வரும். சிரிக்காதீங்க சார். அவன் அங்க ஏசி போட்டாத்தான் எங்க ஊர்ல பொம்பளையாளுக துணி தொவைக்க முடியும். இதப் புரிஞ்சுக்கிட எனக்கு ஒரு டிரான்ஸ்பார்மரும் ஒரு லாரி நெறைய பிளாஸ்டிக் சேரும் செலவாச்சு.

கொஞ்சம் தள்ளி இருங்க, இந்தப் பையக் கீழ வச்சுக்கிடுதேன். எங்க வரைக்கும்? புனலூரா? அப்ப நெறைய நேரம் கெடக்கு.

நான் கோமதிநாயகம். பாறைக்குறிச்சி. இப்பத் தாண்டினோமே, பாலத்துக்குக் கெழக்க ஒரு தண்ணித் தொட்டி, அதான் எங்க ஊரு. கோமதி பந்தல், மைக் செட்டுன்னா இந்த வட்டாரத்துல தெரியாத ஆளு கெடையாது. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் நம்ம பந்தல்தான், நம்ம குழாய் ஸ்பீக்கர்தான். எந்தத் தலைவர் பேசினாலும் அவருக்கு முந்தி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்"ன்னு பேசுறது நான். பல கூட்டத்துல அது ஒண்ணுதான் உருப்படியான பேச்சுன்னு ஆளுக சொல்லுவாவ. அதக் கேட்டுக் கேட்டு, நமக்குப் பேச்சு வரும்னு நானே நம்பிட்டேன். அங்கதான் சார் கெரகம் பிடிச்சுது.

எனக்கு ஒரே பொண்ணு. உலகம்மாள்னு பேரு, உலகுன்னு கூப்பிடுவோம். அவளக் கேரளாவுல குடுத்திருக்கு. முன்னால தெரியுதுல்லா மலை, அதுக்கு மேல. அங்க ஒரு அணை. அணைக்குக் கீழ பவர் ஹவுஸ். ஒரு கம்பெனி நடத்துது. அதுல மெஷின் ஓட்டுற ஆப்பரேட்டர்தான் எங்க சம்பந்தி. சிவதாணுன்னு பேரு. பூர்வீகம் நாகர்கோயில் பக்கம், வேலைக்காக மலையேறின குடும்பம். சம்பந்தி சத்தமாக்கூட பேசமாட்டாவ. மெஷின் சத்தத்துலயே இருந்து இருந்து, வெளிய வந்தா மெதுவாப் பேசுறது பழகிட்டு போல. மெஷினச் சுத்திட்டு வெளிய வாற தண்ணிதான் மலையெறங்கி, எல்லை தாண்டி, எங்க ஊருக்கு ஆறா வருது.

கல்யாணத்துக்கு நம்ம பந்தல், நம்ம மைக். சும்மா இருக்க முடியுமா? மைக்கப் பிடிச்சுக்கிட்டு, "நமது சம்பந்தி அவர்கள் யார் தெரியுமா? பாறைக்குறிச்சிக்கே ஆத்தத் தொறந்து விடுறவர் இவர்தான்!"னு சொல்லிட்டேன். ஒரு மதிப்புக்குச் சொன்னது சார். சம்பந்தி தலையக் குனிஞ்சுக்கிட்டு மோர்க்குழம்பப் பாத்துக்கிட்டு இருந்தாவ. அடக்கம்னு நெனச்சேன்.

அடுத்த வருஷமே ஆறு மாறிப்போச்சு. முந்தியெல்லாம் காலையில இருந்து இருட்டுற வரைக்கும் இடுப்பளவு ஓடும். இப்ப என்னன்னா, பகல் பூரா மணல். கல்லு மேல காக்கா உக்காந்திருக்கும். பொழுது சாஞ்சதும் குபீர்னு வரும். அந்தத் தண்ணிய வச்சுக்கிட்டு என்ன செய்ய? பொம்பளையாளுக பாத்திரத்தையும் துணியையும் இடுப்புல வச்சுக்கிட்டு டார்ச் லைட்டோட போக வேண்டியிருக்கு. கத்திரிக்கா போட்டவன் பாடு அதவிட மோசம். தோட்டத்து மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்டு பகல்லதான் விடுதாவ, அப்ப ஆத்துல தண்ணி கெடையாது. சாயங்காலம் தண்ணி வந்து நிக்கும், அப்ப மோட்டாருக்குக் கரண்டு கெடையாது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கவே பாக்காது, கோவிச்சுக்கிட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி. எங்க ஊரு எருமைக எல்லாம் அந்தியில குளிக்கப் பழகிட்டுன்னாப் பாத்துக்கிடுங்க.

ஊர்ல எல்லாரும் யாருகிட்ட வருவாவ? மைக்ல சொன்னவன்கிட்டதான வருவாவ!

"கோமதி, ஒன் சம்பந்திகிட்ட சொல்லி மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் தொறக்கச் சொல்லு." "அண்ணாச்சி, எங்க அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம், காலையில கொஞ்சம் விடச் சொல்லுங்க." நானும், "பேசுதேன், பேசுதேன்"ம்பேன். பேசமாட்டேன். பொறவு சாயங்காலம் தண்ணி வரும்லா, "பாத்தியா, போன் போட்டேன், வந்துட்டு"ன்னு சொல்லிருவேன். கொஞ்ச காலம் ஓடுச்சு சார், அப்படியே.

கொடை வந்துதான் மாட்டிக்கிட்டேன். சித்திரையில எங்க அம்மனுக்குக் கொடை. மதியக்கொடைக்கு ஆத்துல தண்ணி எடுத்துக் குடத்தோட பொம்பளையாளுக ஊர்வலமா வரணும். ரெண்டு வருஷமா போர்வெல் தண்ணியக் குடத்துல பிடிச்சு ஒப்பேத்துனோம். கொடைக்கு வரி பிரிக்கிறவன் சப்பாணிமுத்து. எனக்குப் பழைய சினேகிதன், இப்பப் பழைய எதிராளி. ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, "ஆத்தத் தொறக்குற சம்பந்தி இருக்கும்போது அம்மனுக்குப் போர் தண்ணி எதுக்குவே?"ன்னு கேட்டான். கூட்டமே என்னப் பாத்துச்சு. நான் என்ன செய்திருக்கணும்? வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். "மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஆத்துல தண்ணி நிக்கும். என் பொறுப்பு"ன்னேன்.

மறுநாளே அல்வா, ஒரு தார் நாட்டுப்பழம் எல்லாம் வாங்கிக்கிட்டு, இதே பஸ்ல மலையேறிட்டேன். செண்பகவடிவு, அதான் என் வீட்டுக்காரி, "நானும் வாரேன், பிள்ளையப் பாத்து நாளாச்சு"ன்னா. "இது ஆம்பளைக பேசுற விசயம், நீ எதுக்கு?"ன்னு விட்டுட்டுப் போயிட்டேன்.

உலகு வாசலுக்கு வந்தா. மொகம் வாடித்தான் இருந்துச்சு. "அப்பா, ஊர்ல இருந்து எனக்குப் போன் மேல போன் வருது. தண்ணி விடச் சொல்லு, தண்ணி விடச் சொல்லுன்னு. சப்பாணிமுத்து மாமா நேத்து ரெண்டு தடவ பண்ணினாவ. நான் என்ன சொல்ல? இங்க என் மாமனார் மொகத்துல முழிக்கவே கூச்சமா இருக்கு"ன்னா.

"ஊரே ஒனக்குப் போன் போடுதுன்னா அது எவ்வளவு பெரிய மதிப்பு! போ, போயிக் காப்பி போடு"ன்னேன். அவளும் போயிட்டா.

சம்பந்தி வந்தாவ. நான் விசயத்த அவுத்தேன். பொறவு மெதுவா ஆரம்பிச்சாவ.

"கேட்டியளா, நான் தொறக்கதும் இல்ல, அடைக்கதும் இல்ல. வால்வு திருப்புறது நான்தான், இல்லங்கல. எப்பத் திருப்பணும்னு போன் வரும். முந்தி இந்தக் கரண்டு பூராவும் இங்க பக்கத்து ஊருகளுக்குத்தான் போச்சு, அதனால நாள் முழுக்க ஓடிச்சு. இப்பக் கம்பெனி வெளி மாநிலத்துக்கு விக்குது. ஏலம் மாதிரி ஆக்கும். நாளைக்கு எந்த நேரத்துக்கு என்ன வெலைன்னு இன்னைக்கே முடிவாயிரும். பகல்ல ஊர் ஊருக்கு வெயில்ல இருந்து கரண்டு எடுக்கான், வெல கெடைக்காது. பொழுது அடைஞ்சா வெயில் போச்சு, எல்லாவனும் லைட்டு, ஏசின்னு போடுவான், வெல ஏறும். அப்பதான் நம்ம மெஷினு. தண்ணியப் பகல் பூரா பூட்டி வச்சு, வெல வரும்போது விடுதாவ."

"யாரு வாங்குதா?"

"யாரெல்லாமோ. கூடுதலும் ஒங்க ஆளுகதான். ஒங்க மாநிலத்து மில்லுக்காரன், ஒங்க பட்டணத்துக்காரன்."

"எங்க ஆளுகளா!"

"பின்ன? நீங்க அங்க கரண்டு இழுத்தா நாங்க இங்க தண்ணி விடுவோம். இழுக்கலேன்னா விடமாட்டோம். அவ்வளவுதான் சம்பந்தி விசயம். என் கையில ஒண்ணும் இல்ல, பாத்துக்கிடுங்கோ."

அவ்வளவுதான் சார். எனக்கு மண்டைக்குள்ள குழல் விளக்கு எரிஞ்சிட்டு. நாம இழுத்தா அவங்க விடுவாங்க! இத ஏன் இத்தன நாளா யாரும் சொல்லல? அவங்களக் கெஞ்ச வேண்டியதே இல்லையே. தண்ணி நம்ம சுவிட்சுலல்லா இருக்கு!

எந்திரிக்கும்போது, "மத்தியானம் கொஞ்சமாத் தொறந்தாப் போதும், ரொம்ப வேண்டாம்"னு சொல்லிட்டு வந்தேன். சம்பந்தி சிரிச்சாவ. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

ஊருக்கு வந்து குழாயக் கட்டினேன். "கொடை அன்று காலை பத்து மணிக்கு, பொதுமக்கள் அனைவரும் தங்கள் இல்லத்தில் உள்ள மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, மோட்டார் ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம். நாம் கரண்ட் இழுத்தால் மேலே தண்ணீர் திறப்பார்கள். இது அணையில் இருந்து நேரடியாக வந்த தகவல்." மூணு நாள் சார், ஆட்டோவுல கட்டிக்கிட்டுத் தெருத்தெருவாச் சுத்தினேன்.

செண்பகவடிவு அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "அந்த மனுசர் சொன்னதுல பாதியத்தான் கேட்டிருக்கீங்க"ன்னா.

"பாதி போதும்ட்டி. மீதி எனக்குத் தெரியும்"னேன்.

அதோட விட்டேனா? பந்தல ஆத்துக்குள்ளயே போட்டேன். மணல்மேல. எதுக்குன்னா, மத்தியானம் தண்ணி மெல்ல வந்து முன்வரிசை ஆளுகளோட கால நனைக்கணும். அப்படி ஒரு யோசன! "சாயங்காலத் தண்ணி படித்துறையத் தொடுதே, இது தாங்குமா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. "கொஞ்சமாத் தொறக்கச் சொல்லியிருக்கு"ன்னேன். கடையில இருந்த சேர் அம்புட்டையும் லாரியில ஏத்தி எறக்கி வரிசையாப் போட்டாச்சு.

கொடையும் வந்துச்சு. பத்து மணிக்கு நான் மைக்ல, "போடுங்க!"ன்னேன். சும்மா சொல்லக்கூடாது சார், எங்க ஊரு ஒத்துமையான ஊரு. வீட்டுக்கு வீடு கிரைண்டர் வெறுங்குழவியோட சுத்துது. மாவு மில்லு அரிசி இல்லாம ஓடுது. வயசான பாட்டா ஒருத்தர் இஸ்திரிப் பெட்டியச் சூடாக்கி வெறும் மேசையத் தேய்க்காரு. ஊரே 'ஙொய்'னு ஒரு சத்தம். எனக்கு ஒடம்பு புல்லரிச்சிட்டு. பொறவு ஊர் மந்தையில ஒரு வெடி. கோயில் வெடின்னு ஆளுக கும்பிட்டாவ. கோயில் வெடி இல்ல. டிரான்ஸ்பார்மர். கருகின எண்ணெ நாத்தத்தோட புகை எழும்புது. ஒவ்வொரு வீட்டுலயும் ஓடுனதெல்லாம் அப்படியே 'ம்ம்ம்'னு முனகி நின்னுச்சு.

கரண்டாபீஸ்ல இருந்து லைன்மேன் வந்தாரு. கம்பத்து மேல பாத்தாரு, என்னப் பாத்தாரு. "யாரு சொன்னா இப்படிச் செய்யச் சொல்லி?"ன்னாரு. சப்பாணிமுத்து ரொம்பப் பணிவா, "அணையில இருந்து நேரடியாத் தகவல் வந்துச்சு"ன்னான்.

லைன்மேன் விளக்கினாரு. இந்த நாட்டுல ஓடுற கரண்டு ஒரு சமுத்திரம்னா நீங்க கிரைண்டர் போட்டது ஒரு டம்ளர்னாரு. இத அந்த மனுசன் அவசரப்பட்டு மைக் பக்கத்துல நின்னு சொல்லிட்டாரு. நம்ம ஜெனரேட்டர்ல மைக் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஊருக்கே கேட்டுட்டு.

பன்னெண்டாச்சு. ஒண்ணாச்சு. காக்காதான் தண்ணி தேடி வந்துச்சு. கடைசியில அம்மனுக்குத் தண்ணி டேங்கர்ல வந்துச்சு. அது போர் தண்ணியக் காட்டிலும் கேவலம்னு சப்பாணிமுத்து சொல்லிக்கிட்டுப் போனான். நான் கேக்காத மாதிரி சத்தத்தக் கூட்டி வச்சேன். அன்னைக்குக் கொடைக்கு ஒரே வெளிச்சம், ஒரே சத்தம், எல்லாமே நம்ம ஜெனரேட்டர்தான். எட்டுக் குழாய். நாலு மலையப் பாத்து, நாலு ஊரப் பாத்து.

சாப்பாடு முடிஞ்சுது. வெயிலுக்குப் பயந்து சனம் பூராவும் ஆத்துக்குள்ள, பந்தல் நெழல்ல. பிள்ளைக மணல்ல வெளையாடுதுக. வயசாளிக சேர ரெண்டு ரெண்டாச் சேத்துப் போட்டுத் தூங்குதாவ. நான் மேடையில நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன். எனக்கு நன்றி சொல்ல யாரும் வரல, நானே எல்லாருக்கும் சொல்லுதேன்.

அப்பப் பைக்குள்ள போன் அடிச்சுது. உலகு. நான் எடுக்கல. ஏன் எடுக்கணும்? தண்ணி விடாம மானத்த வாங்கினது அவ மாமனாரு. மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிடுதா, கொஞ்ச நேரம் தவிக்கட்டும்னு நெனச்சேன். மறுபடி அடிச்சுது. கட் பண்ணினேன். மறுபடி. போன அமத்திப் போட்டுட்டு, "அடுத்தபடியாக, பூமாலை உபயம் செய்த..."ன்னு ஆரம்பிச்சேன்.

பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்த எடத்துல இருந்து செண்பகவடிவு வாறா சார். ஓடி வாறா. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கையெல்லாம் சாம்பலு, காதுல போனு. மேடையேறி வந்து, "மைக்கக் குடுங்க"ன்னா.

"என்னட்டி?"

"குடுங்கங்கேன்."

"உபயதாரர் பேரு வாசிச்சுக்கிட்டு இருக்கேம்லா, பாதியில எப்படி..."

"தண்ணி வருது! மேல தொறக்கப் போறாங்களாம்!"

"இப்பவா? மணி மூணுதான ஆவுது? சாயங்காலம்லா வரும்! ஒனக்கு என்ன தெரியும், நான் சம்பந்திகிட்ட..."

இது பூரா மைக்ல போய்க்கிட்டு இருக்கு. எட்டுக் குழாய்லயும். நாலு ஊருக்கு எங்க குடும்பச் சண்ட. அவ என் கையில இருந்து மைக்கப் பிடுங்கினா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவ மைக்கத் தொட்டதே கெடையாது சார். தொடச்சுக்கூட வச்சது கெடையாது. "எல்லாரும் எந்திரிங்க. பிள்ளைகளத் தூக்குங்க. ஒண்ணையும் எடுக்காண்டாம். கரையேறுங்க. தண்ணி வருது"ன்னா. அவ்வளவுதான். அனைவரும், கேட்டுக்கொள்கிறோம், ஒண்ணும் கெடையாது. கத்தக்கூட இல்ல. ஆனா அந்தக் கூட்டம் எந்திரிச்சுது பாருங்க! நான் மணிக்கணக்காப் பேசி ஒருத்தனக் கை தட்ட வைக்க முடியல. பொறவு அவ குனிஞ்சு ஜெனரேட்டர அமத்திட்டா.

சத்தம் நின்னதும்தான் கேட்டுச்சு. சங்கு. தண்ணி விடுமுன்ன ஊதுறதுக்கு மலை வளைவுல கம்பெனிக்காரன் வச்சிருக்க சங்கு. எப்ப இருந்து ஊதிக்கிட்டு இருந்துச்சோ.

சனம் விழுந்தடிச்சு ஏறுது. சப்பாணிமுத்து அம்மன் குடத்தத் தலையிலயும் ஒரு கெழவரத் தோள்லயுமா ஏறுதான். நான் என்ன செஞ்சேன்? எல்லாரும் ஏறி முடிச்ச பொறவும் மேடையில ஆம்ப்ளிஃபையரக் கழத்திக்கிட்டு இருந்தேன். புது ஆம்ப்ளிஃபையர் சார். ஒயரு நாலஞ்சு கெடக்கு. தண்ணி மணல்ல நுரையோட ஊர்ந்து வருது, கணுக்கால், அடுத்த ஒயரக் கழத்துமுன்ன முழங்கால். செண்பகவடிவு திரும்பி எறங்கி வந்து என் சட்டக் காலரப் பிடிச்சா. ஆட்டுக்குட்டிய இழுக்க மாதிரி இழுத்துக்கிட்டுப் போனா. படித்துறையில என்னப் போட்டுட்டு ஆத்தத் திரும்பிப் பாத்தா.

பந்தல் மொதல்ல குனிஞ்சுது. பொறவு படுத்துட்டு. சேருக இருக்கே சார், ஒவ்வொண்ணா எழும்பி, வரிசை கலையாம மெதுவா நகந்து போச்சு, கூட்டம் முடிஞ்சு ஆளுக கலைஞ்சு போற மாதிரி. ஒவ்வொரு சேர் முதுகுலயும் 'கோமதி' 'கோமதி'ன்னு என் பேரு. கரையில ஊரே நின்னு பாக்குது. பிள்ளைகள எண்ணிப் பாத்தாவ, எல்லாம் இருந்துச்சு. பெரிய ஆளுகளும் இருந்தாவ. அதுக்கப்புறம்தான் ஒருத்தன் சிரிக்க ஆரம்பிச்சான். பொறவு எல்லாரும்.

இன்னைக்கும் கீழ இருக்க ஊருகளுக்குப் போனா, டீக்கடையில, சலூன்ல, என் சேர் கெடக்கும். கேட்டா, "ஆத்துல வந்துச்சு அண்ணாச்சி, உக்காருங்க"ம்பான். என் சேர்லயே உக்காந்து காசு குடுத்து டீ குடிச்சிட்டு வந்திருக்கேன்.

என்ன நடந்துச்சுன்னு பொறவுதான் உலகு அவ அம்மைகிட்ட சொல்லியிருக்கா. அன்னைக்கு வேற எங்கயோ, வேற ஒரு மாநிலத்துல, பெரிய கரண்டு மெஷின் ஒண்ணு திடீர்னு நின்னுபோச்சாம். வெல மடமடன்னு ஏறிட்டு. கம்பெனிக்காரன் உடனே தொறன்னுட்டான். சம்பந்திக்குக் கொடைன்னு தெரியும், ஆத்துக்குள்ள பந்தல்னும் உலகு சொல்லித் தெரியும். சங்க ஊதச் சொல்லிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, "ஒங்க ஊருக்கு உடனே சொல்லும்மா"ன்னிருக்காவ. கீழ சனம் கரையேறியாச்சுன்னு செண்பகவடிவு போன்ல சொல்லி (நானும் ஏறிட்டேன்னு அவ நெனப்பு), உலகு அத அவங்ககிட்ட சொல்லுத வரைக்கும் வால்வத் தொடலியாம். மேல இருந்து போன் மேல போன், திட்டு மேல திட்டு. "கீழ ஆளு இருக்கு"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு நின்னிருக்காவ. ஏன் லேட்டுன்னு கேட்டு மெமோ குடுத்திருக்கானுவ. வாற வருஷம் ரிட்டையர்டு ஆவுற மனுசருக்கு.

இதக் கேட்டதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியாட்டி! கடைசியில தண்ணி சம்பந்தி கையிலதான இருந்துச்சு! நான் அன்னைக்கே மைக்ல சொன்னேம்லா!"ன்னேன். ஞாயமான பேச்சுத்தான சார்? அதுக்குப் போயி செண்பகவடிவு மூணு வாரம் எங்கிட்ட பேசல. பெட்டியத் தூக்கிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிட்டா. சம்பந்திகிட்ட என்ன படிச்சாளோ, எது படிச்சாளோ, திரும்பி வந்த ஆளே வேற.

இப்ப எப்படின்னா, மறுநாளைக்கு எந்த நேரம் மெஷின் ஓடும்னு முந்தின நாளே தெரிஞ்சிருதாம். பவர் ஹவுஸ் வாசல்ல போர்டுல எழுதிப் போட ஏற்பாடாயிருக்கு, அதுவும் மெமோவுக்கு அப்புறம் சம்பந்தி எழுதிக் கேட்டதுதான். உலகு அதப் பாத்து அவ அம்மைக்குச் சொல்லுதா. இவ நம்ம மைக்ல ஊருக்குச் சொல்லுதா. "நாளைக்கு ஆறேகாலுக்குத் தண்ணி. நடுவுல மாறினா உடனே சொல்லுவேன், ஆத்துக்குள்ள யாரும் நிக்காதீங்க." முடிஞ்சுது. நான் பக்கத்துல உக்காந்து ஆம்ப்ளிஃபையர் வால்யூம் பாக்கேன். "கொஞ்சம் கொறைங்க, எரையுது"ம்பா. கொறைப்பேன். ஊர்ல இப்ப யாரும் எங்கிட்ட தண்ணி கேக்கது கெடையாது. "அக்கா இருக்காளா?"ன்னுதான் கேக்கான். சப்பாணிமுத்து உட்பட.

கத்திரிக்காக்காரன் பாடு மட்டும் அப்படியேதான் இருக்கு. நேரம் தெரிஞ்சு என்ன செய்ய, பகல்ல தண்ணி இல்லயே. அதுக்குத்தான் இவ பொம்பளையாளுகளச் சேத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. கம்பெனி இன்னொரு மெஷின் வச்சு இன்னும் கூடுதலா வெளிய விக்கப் போறானாம். அதுக்கு முந்தி மேல ஊர் ஹால்ல ஒரு கூட்டம் வச்சு, சனம் என்ன சொல்லுதுன்னு கேக்கணுமாம், அதான் சட்டமாம். எல்லைக்குக் கீழ இருக்க நம்மளையும் கேக்கணும்னு இவ அலையா அலைஞ்சா. ரெண்டு பக்கத்து கலெக்டர் ஆபீசுக்கும் நடந்தா. நீ வேற மாநிலம்னு அங்க சொன்னான், அணை வேற மாநிலம்னு இங்க சொன்னான். கடைசியில வரச் சொல்லிட்டான். இன்னைக்குத்தான் கூட்டம். பகல்ல முழங்கால் அளவாவது தொடர்ந்து விடுங்க, மீதிய எந்த வெலைக்கும் வித்துக்கிடுங்கன்னு கேக்கப் போறோம். நான் "போறோம்"ங்கேன். கேக்கப் போறது அவதான்.

கெடைக்குமான்னா கேக்கீங்க? தெரியல சார். சம்பந்தியும் அந்தக் கூட்டத்துக்கு வாறாவளாம். அவங்க கம்பெனிப் பக்கம் உக்காருவாவளா, நம்ம பக்கம் உக்காருவாவளான்னு உலகு ஒரு வாரமாத் தூங்கல.

அந்தா முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின்னால, மாம்பழக் கலர் சேல. அதான் செண்பகவடிவு. சுத்தி ஒக்காந்திருக்க பூராவும் எங்க ஊரு பொம்பளையாளுகதான். எனக்கு அங்க எடம் இல்லன்னுட்டா. நானும் வாரேன்னு நிக்கவும் ஒரே ஒரு நெபந்தன போட்டுத்தான் கூட்டிக்கிட்டு வாறா. ஹாலுக்குள்ள நொழைஞ்சதுல இருந்து திரும்பி இந்தப் பஸ் ஏறுத வரைக்கும் நான் வாயத் தொறக்கக்கூடாதாம். ஒரு வார்த்த. ஹலோன்னுகூட.

அதான் சார், நாங்க செக்போஸ்ட்ல எறங்குததுக்குள்ள இருக்கத எல்லாம் ஒங்ககிட்ட பேசித் தீத்துக்கிடுதேன். ஒங்களுக்குத் தூக்கம் வரலல்லா?